ரிப்பீட்டருக்கு ஒரு டோனா, இரண்டா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் உச்சியில் நாங்கள் பராமரிக்கும், 2 மீட்டர் பட்டையில் இயங்கும் அமெச்சூர் வானொலி (ஹாம்) ரிப்பீட்டருக்கு, அதாவது சின்ன செட்டின் சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையத்துக்கு, ஒரே டோன் போதுமா, இரண்டு வேண்டுமா என்று நண்பர்களுக்குள் நீண்ட நாள் பேச்சு நடந்தது. கடைசியில் இரண்டு வைத்தோம். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

டோனின் வேலை தெரிந்ததுதான். 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஒரு மெல்லிய ஒலி குரலோடு வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். கூரைக்குக் கூரை ஆன்டெனா நிற்கும் கொழும்பில் வேண்டாத சிக்னலும் ரிப்பீட்டரைத் திறந்துவிடும் என்பதால் டோன் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் டோன் இரைச்சலை விரட்டாது. நம் சிக்னலை இரைச்சல் அமுக்கிவிட்டால் எத்தனை டோன் இருந்தும் பயனில்லை.

ஒரே டோன் எளிது. புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பிக்கும், ஊரிலிருந்து வந்து போகிறவருக்கும் ஒரு எண்ணைச் சொன்னால் போதும். பழகிய சிலர் மட்டும் கதைக்கும் சின்ன ரிப்பீட்டருக்கு அதுவே சரி.

என்னை மறுபக்கம் சாய்த்தது பராமரிப்பு, அதிலும் டோனை மாற்ற வேண்டி வரும் நாள். கடலுக்கு மேல் அலைகள் வெகுதூரம் போகும் நாட்களில் தென்னிந்திய சிக்னல்கள் இங்கே வந்து விழும். அவர்கள் பயன்படுத்துவதும் அதே அலைவரிசை, அதே டோன் என்றால் நம் ரிப்பீட்டரும் திறந்துகொள்ளும். அப்போது டோனை மாற்றினால், ஒரே டோன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த நிமிடமே வெளியே. பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற கையடக்க வானொலி செட்டில் மெனு 13-க்குப் போய் டோனை மாற்றி, மறுபடி மெமரியில் சேமிக்க வேண்டும். மூத்த அண்ணாமார் சிலர் யாராவது வந்து செய்து தரும் வரை காத்திருப்பார்கள். 2016 மே மாதம் போல களனி ஆறு பெருகி நிற்கும் வேளையில் யார் வந்து செய்து தருவது? இரண்டு டோனையும் முதல் நாளே இரண்டு மெமரியில் போட்டு வைத்தால், ஒன்றை மூடியதும் அடுத்த சனலுக்குத் திருப்பினால் போதும்.

எந்த இரண்டு என்பதும் முக்கியம். நாங்கள் எடுத்தது 88.5, 123.0. 88.5-க்குப் பக்கத்திலேயே 91.5 வைத்தால், டோனை அடையாளம் காணும் டிகோடர் மலிவானதாக இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். 100.0 வேண்டவே வேண்டாம். நமது கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சரியில்லாத பவர் சப்ளையின் உறுமல் 100-இல்தான் வரும். டிகோடர் அதையே டோன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வெளியே போகும் டோன். உள்ளே எந்த டோன் வந்தாலும் ரிப்பீட்டர் திருப்பி அனுப்புவது எப்போதும் ஒரே டோனாக இருக்கட்டும். வந்ததையே அப்படியே அனுப்பினால், செட்டில் டோன் ஸ்குவெல்ச் (குறித்த டோன் வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் வசதி) போட்டிருப்பவர்களுக்கு உரையாடலில் பாதி கேட்காது. உள்ளே வரும் ஒலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டு, புதிதாக ஒரு டோனைச் சேர்ப்பதுதான் முறை.

மூன்றாவது டோனால் தூரத்து ரிப்பீட்டரோடு இணைப்பது, ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு டோன் கொடுப்பது எல்லாம் செய்கிறார்கள். நான் அவற்றை இயக்கிப் பார்த்ததில்லை. இரண்டைத் தாண்டினால் எந்த டோன் எதற்கென்று நினைவில் வைப்பதே சுமையாகும் என்பது என் ஊகம் மட்டுமே.