இறுகிப்போன வி8: பிரித்துக் கட்டுவதா, பழைய இன்ஜின் வாங்குவதா?

வண்டி பிஎம்டபிள்யூ எம்3 (இ92 மாடல்); அதன் இன்ஜின் எஸ்65, 4.0 லிட்டர் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர். நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை பாடும் இன்ஜின் சுழலாமல் இறுகிவிட்டால் உடனே பணப்பையைத் திறக்காதீர்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஏசி கம்ப்ரசரோ ஆல்டர்னேட்டரோ இறுகியிருக்கலாம். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போல்ட்டில் நீளமான கம்பி போட்டு கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சியடித்தால் சிலிண்டரில் நீர் புகுந்திருக்கிறது. அசையவே இல்லை, ஆயில் ஃபில்டரில் செம்புத் துகள் மின்னுகிறது என்றால், பெரும்பாலும் கனெக்டிங் ராடு பேரிங்தான் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது). இந்த இன்ஜினின் பேர்போன நோய் அது.

பிரித்துக் கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வண்டியின் அசல் இன்ஜின் எண்ணும் மாறாது. ஆனால் கிராங்க் கீறியிருந்தால் செலவு எகிறும். சிலிண்டர் சுவரிலும் கீறல் விழுந்திருந்தால் இன்னும் மோசம்: பிளாக் அலுசில் (அலுமினியம்-சிலிக்கான்) கலவை, இரும்பு லைனர் கிடையாது. துளையைப் பெரிதாக்கியபின் சிலிக்கான் துகள் மேலே தெரியும்படி மெருகேற்ற வேண்டும். சாதாரண லேத் பட்டறை வேலையல்ல அது.

பழைய இன்ஜின் வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். சரி, ஆனால் அதிலும் அதே பேரிங்தானே? வண்டியில் ஏற்றும் முன்பே, ஸ்டாண்டில் இருக்கும்போதே புதுசு போட்டுவிடுங்கள். பிறகு செய்தால் இன்ஜினுக்குக் கீழே உள்ள சப்ஃபிரேம் சட்டத்தை இறக்க வேண்டும்.

கிராங்க் தப்பியிருந்தால் நான் பிரித்துக் கட்டுவேன். இல்லையென்றால் வேறொரு பழைய இன்ஜின்தான். எதுவானாலும் ஆயில் கூலரை மாற்றுங்கள், உலோகத்தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.