இடக்கைக்காரிக்கு எந்த .22? ஐயாவின் மார்ட்டினியும் மற்ற மூன்றும்

என் அக்கா மகள் காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி. கேம்ப் முடிந்த கையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஓட்டை விழுந்த காகித டார்கெட். "அம்மான், 25 கெஜத்தில் ஒரு இஞ்ச் க்ரூப். எனக்குச் சொந்தமாக ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் வேண்டும். விலை குறைவாக இருக்கணும், போட்டிக்கும் ஆகணும்."

என்.சி.சி.யின் .22 டீலக்ஸ் ரைஃபிளில், திறந்த சைட்டில், சுட்ட ஓட்டையெல்லாம் ஒரு இஞ்சுக்குள் விழுவது நல்ல க்ரூப்தான். ஆனால் அதே கை 50 மீட்டருக்குப் போனால் அந்த ஒரு இஞ்ச் ஐந்தரை சென்டிமீட்டராக விரிந்துவிடும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் நடு வளையமான பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கொண்டைக்கடலை. அதற்கு வெளியே 8 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி குறையும். இவளுடைய க்ரூப் ஏழு வரை சிதறும். கணக்குப் போட்டுக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. சரி, முறையாகவே பார்த்துவிடுவோம் என்று அவள் வாங்க நினைத்த நான்கையும் எடுத்துக்கொண்டோம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் இடக்கைக்காரி. அந்த ஒரு விஷயம் இந்த அலசலை எவ்வளவு புரட்டிப் போடும் என்று ஆரம்பத்தில் எனக்கே தெரியவில்லை.

முதலில் நம் நாட்டு இஷாப்பூர் .22. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புதிதாக வாங்க முடிவது, விலை குறைவு, இறக்குமதித் தொல்லை இல்லை. ஆனால் அது ஸ்போர்ட்டிங் ரைஃபிள், டார்கெட் ரைஃபிள் அல்ல. கன்னம் வைக்கும் இடத்தை ஏற்றி இறக்க முடியாது, பின்கட்டையை நீட்ட முடியாது. பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) மாட்ட வேண்டுமென்றால் ஆசாரி வேலை பார்க்க வேண்டும். பழகுவதற்கு ஆகும். ஆனால் முதல் மாநிலப் போட்டியிலேயே பக்கத்து லேனில் இருப்பவரின் ரைஃபிளைப் பார்த்து ஏங்க வைக்கும்.

அடுத்தது செக் நாட்டுச் சி.இசட். 457. இணையத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள், அவளும் இதைத்தான் மனதில் வைத்திருந்தாள். புகழ்ச்சியில் தப்பில்லை. பேரல் நல்ல பேரல், ட்ரிகரைத் திருத்திக்கொள்ளலாம், தோட்டா மாற்றும் போல்ட் கைப்பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும். ஆனால் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் மேசையில் சாய்த்து, டெலஸ்கோப் வைத்துச் சுடுகிறவர்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப் கூடாது. சைட்டும் ஸ்டாக்கும் (பிடித்துத் தோளில் வைக்கும் கட்டை) மாற்றி முடிக்கும்போது மிச்சம் பிடித்த காசு கரைந்துவிடும். கல்யாண வீட்டுக்கு மலிவாகப் பந்தல் பேசிவிட்டு, அப்புறம் விளக்குக்கும் நாற்காலிக்கும் தனித்தனியாகக் கொடுப்பது போலத்தான்.

மூன்றாவது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மலாயாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன எங்கள் ஐயா, அதாவது தாத்தா, திரும்பி வரும்போது கொண்டுவந்த பி.எஸ்.ஏ. மார்ட்டினி இன்டர்நேஷனல், மார்க் 2. அப்பச்சி (அப்பா) காலத்துக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்தது. பர்மாத் தேக்குப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கும். பிர்மிங்ஹாமில் செய்தது. மார்க் 1 வந்தது 1950இல், மார்க் 2 அதற்கு மூன்று ஆண்டு கழித்து.

இதில் போல்ட் கிடையாது. அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை சாய்ந்து வழிவிடும், ஒரு தோட்டாவை விரலால் தள்ளி மூட வேண்டும். ட்ரிகரை அழுத்துவதற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு, கை ஆடுவதற்குள் வேலை முடிந்துவிடும். எழுபது வயசு ரைஃபிள், காற்றில்லாத காலையில் படுத்துச் சுட்டால் இன்றைக்கும் கொண்டைக்கடலைக்குள் போடும். லீவர் அடியில் நடுவாக இருப்பதால் எந்தக் கையால் சுட்டாலும் ஒன்றுதான். எங்கள் பெண் அதைத் தோளில் வைத்த கணமே, "அம்மான், இது எனக்காகவே செய்த மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியவன் நான். மார்க் 2இல் முன்கட்டை பேரலைப் பிடித்துத் தொங்குகிறது. படுத்துக்கொண்டு ஸ்லிங்கை (கையோடு மாட்டும் வார்) இறுக்கினால் அந்த இழுப்பு பேரலுக்கே போகும். ஒரு நாள் இறுக்கம் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி, தோட்டா விழும் இடமும் அதற்கேற்ப நகரும். மார்க் 3இல் முன்கட்டை பேரலைத் தொடாதபடி செய்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். எங்களிடம் இருப்பது 2. தவிர, இது படுத்துச் சுடுவதற்கென்றே பிறந்த ரைஃபிள். ஒலிம்பிக்கில் படுத்துச் சுடும் போட்டி 2016 ரியோவோடு போய்விட்டது. இன்று கவனம் முழுக்க மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் த்ரீ பொசிஷனில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் அதில்தான். நின்று சுட மார்ட்டினியின் பழைய ஸ்டாக் கொஞ்சமும் இடம் கொடுக்காது. உதிரிப் பாகமும் இல்லை. கம்பெனி அந்த வகையைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஒன்றுக்காக நான் அலைந்த அலைச்சலில் இரண்டு முறை பழனிக்கு நடந்தே போயிருக்கலாம்.

(முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்காதா என்று ஒரு நண்பர் உண்மையாகவே கேட்டார். அங்கே பிரிட்டிஷ் காலத்து எனாமல் தட்டு கிடைக்கும், எக்ஸ்ட்ராக்டர் கிடைக்காது.)

நான்காவது, பழைய ஆன்ஷூட்ஸ். ரைஃபிள் கிளப்பில் யாரைக் கேட்டாலும் கடைசியில் இந்த ஜெர்மன் பெயரில்தான் வந்து நிற்பார்கள். வெளிநாட்டு ரைஃபிளை நினைத்தவரெல்லாம் இறக்குமதி செய்துவிட முடியாது. போட்டிகளில் தகுதி பெற்றவர்களுக்குத்தான் அந்த வழி. நம்மைப் போன்றவர்களுக்கு, அவர்கள் புதிது வாங்கும்போது கைமாற்றிவிடும் பழையதுதான். அதிலும் ஆக்‌ஷனை (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி) வைத்து இரண்டு குடும்பம், 54 ஆக்‌ஷன், 64 ஆக்‌ஷன். 1907, 1913 மாடல்கள் 54இல் வருபவை. ஒலிம்பிக் வரிசைகளில் பல்லாண்டு கோலோச்சியவை. 1903 என்பது 64இல் வரும் சிக்கன அண்ணன், ஆனால் கன்னத்தாங்கியையும் பின்தட்டையும் ஏற்றி இறக்கலாம், இரட்டைக் கட்ட ட்ரிகர், பீப் சைட் மாட்ட ரயில், எல்லாம் பிறவியிலேயே உண்டு.

54 உயர்ந்ததா என்றால் உயர்ந்ததுதான். கனமான ஆக்‌ஷன், ஸ்டாக்கில் அசையாமல் உட்காரும், ட்ரிகர் வெண்ணெய். ஆனால் 600க்கு 560 எடுக்கத் திணறுகிற ஒருவருக்கு அந்த வித்தியாசம் டார்கெட்டில் தெரியாது. தோட்டாவின் வித்தியாசம் தெரியும். ஒரே பெயர் போட்ட தோட்டாவில்கூட லாட் நம்பர் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) மாறினால் ஒரு பேரலுக்குப் பிடிக்கும், இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஈலி, லப்புவா கம்பெனிகள் ரைஃபிளைக் கொண்டுவரச் சொல்லி லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பது இதனால்தான். 54க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் 64 வாங்கி, மிச்சத்துக்கு நல்ல தோட்டா வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. வலக்கைக்காரருக்கு இதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

இடக்கைக்கு? இடப்பக்கம் போல்ட் வைத்த 1903 கம்பெனி செய்யாமல் இல்லை, பழைய சந்தைக்கு வருவதுதான் அபூர்வம். வலக்கை ரைஃபிளை இடத் தோளில் வைத்துச் சுட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை மேலே தாண்டிப் போக வேண்டும், பொசிஷன் கலையும். 60 தோட்டா சுடும் போட்டியில் 60 முறை புதிதாகப் படுத்த மாதிரி.

வாங்கும்போது பேரலின் வாய் ஓரத்தையும் தோட்டா உட்காரும் சேம்பரையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் "ஒரே கை, மியூசியம் கண்டிஷன்" என்று எனக்குக் காட்டியதில் வாய் ஓரம் நசுங்கியிருந்தது. பாலிஷ் மட்டும் மியூசியம்தான். துப்பாக்கி வந்த பிறகும் கவலை தீராது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு தேர்தல் முடிந்து என் மார்ட்டினி திரும்பி வந்தபோது லீவரில் துரு. எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு ஒப்படைக்கும்போதெல்லாம் எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டித்தான் அனுப்புகிறேன்.

இப்போது செலவுக் கணக்கு. வாரம் இரண்டு நாள், நாளுக்கு 80 தோட்டா என்று வைத்தால் வருடத்தில் 50 வாரத்துக்கு 8,000. பெட்டிக்கு 50 என்றால் 160 பெட்டி. துப்பாக்கியை ஒருமுறை வாங்குகிறோம், தோட்டாவை அப்படியல்ல. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. அங்கே சில நூறு என்று எழுதியிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. ரேஞ்சுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், எங்கள் ஊரிலிருந்து இரண்டுமே 90 கிலோமீட்டர் வாக்கில். புதுக்கோட்டை பக்கத்தில்தானே இருக்கிறது, அந்த ஊர்க்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போகவில்லையா என்பார்கள். அவர் சுடுவது ட்ராப், பறக்கும் தட்டை ஷாட்கன்னால் அடிப்பது. அது வேறு உலகம், வேறு செலவு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் வயது நினைவுக்கு வந்தது. பத்தொன்பது. 21 ஆகாமல் சாதாரணத் துப்பாக்கி உரிமம் கிடையாது. நான்கு ரைஃபிளையும் வரிசையாக வைத்து மணிக்கணக்காகப் பேசிய இரண்டு பேருக்கும் இது உறைக்கவில்லை! அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்தாள்.

ஆக, இரண்டு வருடத்துக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள். குறைந்த சக்தியுள்ள 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம், ஐந்நூறு பெல்லட் ஒரு டப்பாவில் வரும். பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, கசகசாவைவிடச் சிறிது. அதில் ட்ரிகர் பழகிய கைக்குக் கொண்டைக்கடலை பெரிதாகத் தெரியும். ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் போன்ற பழைய ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் போதும், சிலிண்டரில் காற்றடைக்கும் வேலைகூட இல்லை.

ரேஞ்சுக்கு எங்கும் போக வேண்டாம். முகப்பு வாசலில் நின்றால் வளவை (உள்முற்றம்) தாண்டி இரண்டாம் கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரிகிற வீடு இது. 10 மீட்டர் எடுத்தது போக இன்னும் எவ்வளவோ மிஞ்சும். பக்கவாட்டு அறைக் கதவுகளைப் பூட்டி, டார்கெட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடும் பழைய மெத்தையும் வைத்து, சுடும் நேரத்தில் யாரும் குறுக்கே வராமல் ஒரு ஆள் நின்றால் சரி. ஆத்தங்குடித் தரையில் அவள் நிற்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

21 ஆகும்போது இடக்கை 1903 ஒன்று எங்காவது கைமாறினால் அதுதான். மாறவில்லையென்றால் த்ரீ பொசிஷனை ஒத்திவைத்துவிட்டு, படுத்துச் சுடும் போட்டிகளுக்கு மட்டும் ஐயாவின் மார்ட்டினி. அதற்கு முன் அந்த எக்ஸ்ட்ராக்டரை யாராவது செய்து கொடுக்க வேண்டும்.