கோடைக்கால முகாம்: மதுரைப் பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற வாரம் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைச் சுவரில் புதிதாக ஒரு கோடைக்கால முகாமின் பேனரைக் கட்டியிருந்தார்கள். முகாமின் பெயர் வேறு. ஆனால் அதில் அச்சிட்டிருந்த நீச்சல் குளத்தின் படம், சென்ற ஆண்டு எங்களுக்குக் கொடுத்த துண்டறிக்கையில் இருந்த அதே படம். குளத்தின் விளிம்பில் மஞ்சள் தொப்பியோடு நிற்கும் அந்தச் சிறுவனை என்னால் மறக்க முடியாது, அவனைக் காட்டித்தான் என் ஆறு வயது மகன் ஏப்ரல் மாதம் முழுவதும் "அம்மா, நானும் இங்கதானே குதிக்கப் போறேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு முகாம்களையும் நடத்துவது ஒரே ஆட்கள்தான் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது என்பதால், கட்டணம் கட்டும் காலம் தொடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எங்கள் புகார் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆண்டுதோறும் புதுப் பெயரில் பேனர் கட்டுகிறவர்களைப் பெயரை வைத்து அடையாளம் காண முடியாது என்பது இன்னொரு காரணம்.

நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். முந்தைய ஆண்டுகளில் மே மாதம் பிறந்தால் பிள்ளைகள் இருவரும் உசிலம்பட்டிப் பக்கம் என் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல்லாங்குழி, தாயம், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு என்று பள்ளி திறக்கும் வரை அவர்களுக்குப் பொழுது போதாது. 2025-இல் அத்தைக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் அந்த வழி அடைபட்டது. பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்றரை வரை பாதுகாப்பாக எங்கே விடுவது என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தத் துண்டறிக்கை வந்தது. நீச்சல், சிலம்பம், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, களிமண் சிற்பம், கதை சொல்லல் என்று ஒன்பது பயிற்சிகள், குளிரூட்டப்பட்ட அரங்கம், மே 5 முதல் 28 வரை ஞாயிற்றுக்கிழமை தவிர 21 நாள்கள். ஒரு பிள்ளைக்குக் கட்டணம் 6,500 ரூபாய். உடன்பிறந்தவர்களுக்குச் சலுகை என்று இருவருக்குமாக 12,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2,160 ரூபாயும் சேர்த்து 14,160 ரூபாய் கட்டினேன்.

அன்றைக்கே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை மூன்று. யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் அன்று, ஒரு தனிநபரின் பெயர். அவர்கள் கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி தொகை இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. பதிவு பெறாத ஒருவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு பெற்றவருக்கு 15 இடங்கள் கொண்ட எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மூன்றாவது, அந்தத் தேதிகள். 2025-இல் மே 12 அன்றுதான் அழகர் ஆற்றில் இறங்கினார். சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு உள்ளூர் விடுமுறை விடும் அந்த நாளையும் பயிற்சி நாளாகக் கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார்கள். நடக்க முடியாத நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறவர்கள் மற்ற நாள்களைப் பற்றி எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நான் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முகாம் நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். அதுவும் மேல்தளத்தில் இருந்த குளிரூட்டப்பட்ட அரங்கம் அன்று. கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசைகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்து, ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையிலான 43 பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். மண்டபத்தில் முகூர்த்தம் இருந்தால் முகாம் கிடையாது. முந்தைய நாள் அலங்கார வேலை இருந்தாலும் கிடையாது. அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும். முதல் இரண்டு வாரங்களின் 12 நாள்களில், அழகர் இறங்கிய நாளோடு சேர்த்து ஐந்து நாள்கள் இப்படிப் போயின. வேலைக்குப் போகும் தாய்க்கு இரவு பத்து மணிக்கு வரும் அந்த ஒரு வரிச் செய்தி என்னவெல்லாம் செய்யும் என்பது அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நீச்சல் என்று அவர்கள் சொன்னது, மண்டபத்தின் பின்புறம் வாகனம் நிறுத்தும் இடத்தில் வைத்த காற்றடைத்த ரப்பர்த் தொட்டி. முழங்கால் அளவுத் தண்ணீர்; அதையும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மாற்றினார்கள். ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு 43 பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதையும் பிள்ளைகளைத் தொடவிடாமல் மடிக்கணினியில் காணொளி ஓட்டிக் காட்டினார்கள். கீபோர்டு வரவே இல்லை. இவற்றையெல்லாம் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த கோப்பைப் பார்த்தபின்தான் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோப்பில் வண்ணம் தீட்டிய தாள்கள் ஏழு இருந்தன. அவற்றில் நான்கு, கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரே கிளியின் ஜெராக்ஸ் பிரதிகள். முதல் கிளிக்கு அவள் இறகு இறகாக மூன்று வகைப் பச்சை தீட்டியிருந்தாள். நான்காவது கிளியின் மூக்கு மட்டும் சிவப்பாக இருந்தது. மற்றதெல்லாம் வெறும் தாள். கீழே பென்சிலால், என்னிடம் காட்டுவதற்காக அல்லாமல் தனக்குத்தானே எழுதிக்கொண்டதைப் போலச் சின்ன எழுத்தில், "மறுபடியும் கிளி" என்று எழுதியிருந்தாள்.

ஒரே ஒரு நல்லது நடந்தது, அதையும் நான் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள்கள் ஒரு சிலம்ப ஆசான் வந்தார். மகன் உயரத்துக்கு ஏற்றபடி கம்பை அளந்து கொடுத்து, முதலில் கால் வைக்கும் முறையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு இரவுகளும் வீட்டு நடையில் மகன் காலடி எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது வகுப்புக்கு அவர் வரவில்லை. பின்னால் நான் அவரைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, "வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய் தர்றேன்னு சொன்னாங்கம்மா, ரெண்டு நாளுக்கும் தரல, அப்புறம் எப்படி வர்றது?" என்றார். பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத் தெரிந்த அந்த ஒரு மனிதரையும் அவர்கள் ஏமாற்றியிருந்தார்கள்.

பணத்தைப் பற்றிய வருத்தத்தோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மே 16, வெள்ளிக்கிழமை. எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று முந்தைய நாள் செய்தித்தாளிலேயே வந்திருந்தது. மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினேன். மனம் கேட்காமல் அலுவலகத்தில் சொல்லிவிட்டு பன்னிரண்டே காலுக்குப் போய்ப் பார்த்தபோது, அக்கினி நட்சத்திர வெயிலில் ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. டீசல் செலவு தனி என்பதால் ஜெனரேட்டரைப் போடவில்லை என்று காவலாளி சொன்னார். தண்ணீர் கேன் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் பொறுப்பாக இருந்தது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரே ஒரு பெண். அவளும் வாந்தியெடுத்த ஒரு குழந்தையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் கூடத்தில் இல்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் உள்ளே போகக் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, வாசல் கேட்டருகே காவலாளியின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நகரப் பேருந்துகள் போகும் சாலை. அவன் வெளியே வந்து எவ்வளவு நேரமாகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. 43 பிள்ளைகளை ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் மீதுதான் வந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் மற்ற பெற்றோர்களிடம் சொல்ல விரும்புகிறேன். நாம் துண்டறிக்கையில் எத்தனை பயிற்சிகள் என்று எண்ணுகிறோம். உண்மையில் நமக்குத் தேவைப்படுவதோ, நான்கு மணி நேரம் நம் பிள்ளையின் மேல் கண் வைத்திருக்கும் ஒரு பொறுப்பான ஆள். நான் நீச்சல் உண்டா, ரோபோட்டிக்ஸ் உண்டா என்று கேட்டேனே தவிர, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், சின்னப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போவது யார், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பீர்கள், வெளியே போகும் வாசலில் யார் நிற்பார்கள் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆகவே பணம் கட்டும் முன், பயிற்சி நடக்கப்போகும் அதே கூடத்தையும், அதே கழிப்பறையையும், நீச்சல் என்றால் அந்தக் குளத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். இடம் வாடகைக்கு எடுத்ததா, எல்லா நாளும் அவர்களுக்குக் கிடைக்குமா என்று அந்த இடத்தின் மேலாளரிடமே கேளுங்கள். பயிற்சியாளர்களோடு நேரில் இரண்டு நிமிடம் பேசுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டலாமா என்று கேளுங்கள். தொடர்ந்து நடத்தும் எண்ணம் உள்ளவர்களுக்கு அதில் கஷ்டம் இருக்காது.

அன்று மாலையே மீதி நாள்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மேடம், ஃபார்மிலேயே போட்டிருக்கோமே, கட்டணம் திரும்பத் தரப்படாதுன்னு" என்று ஒருங்கிணைப்பாளர் பதில் சொன்னார். மறுநாள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். ரசீதில் இருந்த முகவரி அந்தக் கல்யாண மண்டபத்தினுடையது என்பதால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உறை திரும்பி வந்தது. பிறகு யுபிஐ பரிவர்த்தனையில் வந்த பெயரை வைத்தும், அந்த ஆசானின் உதவியோடும் நடத்தியவரின் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து, வேறு ஐந்து பெற்றோர்களும் நானும் தனித்தனியே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் நாமே வாதாடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். எங்கள் புகார்கள் இன்னும் விசாரணையில் இருக்கின்றன.

மீதமிருந்த மே மாதத்தை நானும் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுத்துக் கழித்தோம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. மகள் அங்கிருந்து எழுந்து வரவே மறுத்தாள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது என்பது எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது. இந்த ஆண்டு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு முன்கூட்டியே போய் விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த ஆசான் தன் வீட்டருகே உள்ள திடலில் மாலை நேரத்தில் சொல்லித் தருகிறார். ஜூன் மாதத்திலிருந்து மகன் அங்கே போகிறான்.

சென்ற ஆண்டு மே மாதம் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இப்படி ஒரு முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இதைப் படித்தால், உங்கள் ரசீதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். புகார் கொடுப்பதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஜிஎஸ்டி என்று தனியாகத் தொகை போட்ட ரசீது உங்களிடமும் இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையவற்றில் இரண்டு ரசீதுகளுக்கு ஒரே வரிசை எண் இருக்கிறது.