பரணில் கிடந்த அரசு லேப்டாப்பும் ஆன்டிக்ஸும்

மூடியில் கோபுர முத்திரை போட்ட அந்த லேப்டாப், எங்கள் வீட்டுப் பரணில் ஏழு வருஷமாகப் பழைய போர்வைக்கடியில் கிடந்தது. தம்பி பிளஸ் டூ படித்தபோது, 2012இல், பள்ளியில் வரிசையில் நின்று வாங்கி வந்தது. அவன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். நான் மயிலாடுதுறையில் வீட்டோடு டியூஷன் எடுக்கிறேன், பதினான்கு பிள்ளைகள். மாதாந்திரத் தேர்வுக் கேள்வித்தாளைக் கடையில் கொடுத்து அடித்தால் பக்கத்துக்கு முப்பது ரூபாய். அதிலும் 'வேளாண்மை' என்பது 'வேலான்மை' என்று வந்து, நான் பேனாவால் திருத்தி ஜெராக்ஸ் எடுப்பேன். ஒருநாள் கோபத்தில் பரணில் ஏறிவிட்டேன். ஆன்டிக்ஸ் என்ற ஓஎஸ் (இயங்குதளம்) அந்த லேப்டாப்பை எழுப்பிய கதைதான் இது.

முதலில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். இருபத்தஞ்சாயிரத்துல புதுசா ஒண்ணு எடுத்துடுங்க" என்றான். இருபத்தைந்தாயிரம் இருந்தால் நான் ஏன் பரணில் ஏறப்போகிறேன்?

2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் இரட்டையாக இருந்தன. லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான ஓஎஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் குடும்பத்தின் ஏழைப் பங்காளி. பின்புலப் படத்தைக்கூட மாற்ற விடாது. 32 பிட் மட்டும்தான், 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் கண்டுகொள்ளாது. 2020 ஜனவரி 14க்குப் பிறகு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுவிட்டது. ஆன் செய்தேன். அடுப்பில் பால் வைத்து, பொங்கி, டிகாக்‌ஷன் கலந்து வந்து பார்த்தபோதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சென்னையில் இருக்கும் அத்தை பையனுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. அவன்தான் ஆன்டிக்ஸ் என்று ஒரு லினக்ஸைச் சொன்னான். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது. பழைய கம்ப்யூட்டர்களை மனதில் வைத்தே செய்தது. நான் போட்டது 23 வரிசை, 64 பிட், ஃபுல் பதிப்பு. பதிவிறக்கம் 2 ஜிபிக்குள் முடிந்துவிட்டது. இதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு போராட்டப் பெயர் வைக்கிறார்கள். 23க்கு 'அர்டிட்டி டெல் போபோலோ' என்று பெயர். 1921இல் இத்தாலியில் பாசிஸ்டுகளை எதிர்த்துத் தெருவில் நின்ற கூட்டமாம். கேள்வித்தாள் அடிக்க வந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பிடித்திருந்தது.

பென் டிரைவில் ஏற்றி, எஃப்12 தட்டி, டிஸ்க்கைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்த்தேன். இது பெரிய வசதி. வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே போடலாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது பாஸ்வேர்டு கேட்டால் 'டெமோ' என்று அடிக்க வேண்டும். இது தெரியாமல் நான் என் பிறந்த தேதி வரை அடித்துப் பார்த்தேன்.

அழகு என்று எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளர்தான் முகம். கீழே ஒரு பட்டை, கடுகு கடுகாக எழுத்து, மெனுவைத் திறந்தால் பெயர் தெரியாத கருவிகள் படையாக நிற்கும். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று நிரல்கள். வைஃபைக்கு ஒரு பெட்டி வரும். அதில் வைஃபையை முதலில் 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்தால்தான் நம் வீட்டு இணைப்பின் பெயரே தெரியும். அரை மணி நேரம் அங்கேயே முட்டிக்கொண்டேன். ஆனால் திரையின் வலது பக்கத்தில் ரேம் எவ்வளவு போகிறது என்று ஒரு சின்ன எண் ஓடும், அதைப் பார்க்கும்போது இந்தக் கோபமெல்லாம் அடங்கிவிடும். எதையும் திறக்காத நிலையில் என்னுடையதில் 190 எம்பி. பழைய டிஸ்க்கிலேயே ஒரு நிமிஷத்துக்குள் வேலைக்குத் தயாராகிவிடுகிறது.

இரண்டாம் நாள்தான் பிரச்சினை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஃபயர்பாக்ஸ் மிரட்டியது. ஜிமெயில் வரவில்லை, யூடியூப் வரவில்லை. ஆன்டிக்ஸைத் திட்டினேன், அத்தை பையனைத் திட்டினேன். மூன்றாம் நாள் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தால் 2012 ஜனவரி 1! மதர்போர்டில் இருக்கும் பொத்தான் செல் செத்துவிட்டது. மின்சாரத்தைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப் பிறந்த வருஷத்துக்கே போய்விடுகிறது. வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அதற்குப் பொருந்தாவிட்டால் பிரவுசர் நம்ப மறுக்கும். கடிகாரக் கடையில் நாற்பது ரூபாய்க்குச் செல் கிடைத்தது. ஆன்டிக்ஸ் மீது பழி போட்டதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பு.

பின்மூடியைக் கழற்றியது கழற்றியாகிவிட்டது என்று, அத்தை பையன் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து அனுப்பிய 4 ஜிபி பழைய ரேமையும் காலியாக இருந்த இடத்தில் சொருகினேன். 650 ரூபாய். முதல் தடவை திரை வரவில்லை. ரேமின் தங்க நிறப் பற்களைப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டதும் வந்தது. ஃபேனிலிருந்து வந்த தூசியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு தலையணை உறைக்குப் பஞ்சு போதும்.

இதைச் செய்ததில் ஒன்று புரிந்தது. ஓஎஸ் எவ்வளவு இளைத்திருந்தாலும் வலைப்பக்கங்கள் இளைக்கவில்லை. 190 எம்பியில் உட்கார்ந்திருக்கும் எண், யூடியூப் ஒன்றைத் திறந்ததும் 1 ஜிபியைத் தாண்டுகிறது. கூடவே வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் என்றால் 2 ஜிபி ரேமில் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். 6 ஜிபி ஆன பிறகு அந்தத் தொல்லை இல்லை. வீடியோ வேறு கதை. யூடியூப் அனுப்பும் புது வகை வீடியோவைப் பிரிக்கும் வசதி அந்தக் காலத்துச் சிப்பில் கிடையாது, எல்லாம் பிராசசர் தலையில் விழும். ஹெச்264ஐஃபை என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியைப் போட்டதும் பழைய வகையிலேயே வருகிறது. 480பி ஒழுங்காக ஓடுகிறது, 720பி போட்டால் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது.

எனக்கு உண்மையான தேர்வு தமிழ்தான். விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்99 என்று ஒரு தமிழ் விசை அமைப்பு இருக்கிறது, அதை எடுத்து ஏமாந்தேன். எழுத்து வரும், தானாகப் புள்ளி விழாது. ஐபஸ் என்ற தட்டச்சு நிரலும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவினால்தான் நிஜமான தமிழ்99. அதில் ங அடித்துக் க அடித்தால் தானாக 'ங்க' ஆகிவிடும், க-வை இரண்டு தடவை தட்டினால் 'க்க'. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஐபஸ் தானாகத் தொடங்க, ஸ்டார்ட்அப் என்ற கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. அத்தை பையன் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். தனியாக விட்டிருந்தால் இந்த இடத்தில் கைவிட்டிருப்பேன். எடை குறைவு என்பதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்: மற்றவை தானே செய்துகொள்கிற வேலையை இதில் நாம் செய்ய வேண்டும்.

லிப்ரே ஆஃபீஸ் கூடவே வருகிறது. முதல் தடவை திறக்க இருபது விநாடி, பிறகு சுறுசுறுப்பு. தமிழ் மெனு கிடைக்கிறதே என்று ஆசையாகப் போட்டேன். 'இன்சர்ட்' எங்கே என்று தேடி அலுத்து, மறுநாளே ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டேன். தமிழ் டீச்சருக்கு இது வெட்கம்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கேள்வித்தாள்கள் முதலில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. எழுத்துரு கோப்பைக் கொண்டுவந்து ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டதும் சரியாகிவிட்டன. என் பழைய லேசர் பிரிண்டரையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது.

டேலி வேண்டும், விண்டோஸ் நிரல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. போனில் கேட்க ஆள் இல்லாதவர்கள், ரேம் 4 ஜிபி இருந்தால், ஆன்டிக்ஸின் உறவுக்காரரான எம்எக்ஸ் லினக்ஸையே போடலாம். கொஞ்சம் கனம், ஆனால் முகம் பழகினதுபோல் இருக்கும். 2 ஜிபியோடு நிற்கும் லேப்டாப்புக்கு நான் ஆன்டிக்ஸைத்தான் சொல்வேன். அடித்தளமான டெபியன் 12க்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அதற்குள் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றிவிட வேண்டும்.

பேட்டரி மட்டும் பிழைக்கவில்லை. வயர் ஆடினால் போதும், அணைந்துவிடும். கேள்வித்தாள் அடிக்கும்போது ஒரு கேள்விக்கு ஒருமுறை சேமிக்கப் பழகிவிட்டேன்.

இன்னொன்று, தம்பி எதையோ சாப்பிட்டுக்கொண்டே கேம் ஆடியதில் 'பி' (B) விசை செத்திருக்கிறது. தமிழ்99இல் அதுதான் ங. முதல் கேள்வித்தாளில் 'சங்க இலக்கியம்' வரவில்லை, 'எழுதுங்கள்' வரவில்லை. 'எழுதுக, கூறுக' என்று ங இல்லாமலே பதினைந்து கேள்விகளை ஒப்பேற்றினேன். மறுநாள் 350 ரூபாய்க்கு யுஎஸ்பி கீபோர்டு வாங்கினேன். ரேம், செல், பென் டிரைவுக்கு 300, கீபோர்டு எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய் ஆனது.