கிளீவ்லண்ட் கிளினிக்கின் மாரடைப்பு அவசர சேவை: பெண்களுக்கும் அதே வேகம் கிடைக்கிறதா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லண்ட் கிளினிக், இதய ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபடும் ஸ்டெமி வகை மாரடைப்புக்கென நான்கு படிகள் கொண்ட நடைமுறையை 2014 ஜூலையில் தொடங்கியது. 1,272 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவுகளின் அடிப்படையில் இச்சேவையை மதிப்பிடுகிறேன்.

நோயாளி மருத்துவமனைக்குள் வந்த 10 நிமிடத்தில் இசிஜி எடுத்து, 90 நிமிடத்திற்குள் பலூன் மூலம் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். பெண்களுக்கு இதில் தாமதம் நேர்வது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. அவர்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி என்றாலும், மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, முதுகுவலி ஆகியவை அதனுடன் கூடுதலாகச் சேர்ந்து வருவதால், வாயுத் தொல்லை என்றோ மனப்பதற்றம் என்றோ எண்ணிக் காத்திருக்க வைத்துவிடுகிறார்கள்.

இந்த நடைமுறையில் என்னை மிகவும் கவர்ந்தது முதல் படி. இசிஜி வரையறைக்குப் பொருந்தினால், அவசரப் பிரிவு மருத்துவரே, இதய நிபுணரின் ஒப்புதலுக்குக் காத்திராமல், கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறக்கும் சிகிச்சை அறை) குழுவை அழைத்துவிடலாம். நோயாளி ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சந்தேகம் கூடவோ குறையவோ இடமில்லாமல், எல்லோருக்கும் ஒரே வரையறை பொருந்துகிறது. அடுத்து, கொடுக்க வேண்டிய மருந்துகள் எதுவும் விடுபடாதபடி ஒரு சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றுகிறார்கள்; பிறகு காலியாக இருக்கும் கேத் லேபுக்கு நோயாளியை உடனே கொண்டுசெல்கிறார்கள். நான்காவது படி, தொடை வழியாக அல்லாமல் கூடியவரை மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்வது. ஆஞ்சியோபிளாஸ்டியின்போது ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் பெண்களுக்கே அதிகம் என்பதால், இந்தத் தேர்வு அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. பெண்களின் மணிக்கட்டுக் குழாய் குறுகலாக இருப்பதால் சில வேளைகளில் தொடைக்கு மாற வேண்டியிருக்கும். அதற்காக முயலாமலே விடுவது சரியல்ல.

பலன் தெளிவாகவே தெரிகிறது. முன்பு பெண்களுக்கு அடைப்பைத் திறக்கக் கூடுதல் நேரம் ஆனது, உரிய மருந்துகளும் குறைவாகவே கிடைத்தன. நடைமுறை வந்தபின் இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெண்களுக்கென்று தனிப் பிரிவோ தனி விதியோ ஏற்படுத்தாமல், எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடித்தே இதைச் சாதித்திருக்கிறார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. 30 நாள் இறப்பு விகிதத்தில் இருபாலருக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய பாதியானதே தவிர மறையவில்லை. பெண் நோயாளிகளின் கூடுதல் வயதும் உடனிருக்கும் பிற நோய்களும் அதற்கு ஓரளவு காரணமாகலாம். ஒரே மருத்துவமனையில் முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், மற்ற இடங்களிலும் இதே பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இவற்றைவிட என்னை உறுத்துவது, மருத்துவமனையை அடைந்த பிறகே இச்சேவையின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்பதுதான். வலி தொடங்கியபின் மருத்துவமனைக்கு வந்து சேரவே பெண்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்; அந்த நேரத்தைக் குறைக்க இந்த நான்கு படிகளில் ஒன்றும் இல்லை.