வாடும் அரசாணிக் கொடி: தாகமா, அழுகலா, புழுவா?

போன கோடையில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கொல்லை அரசாணி, இலைகளையெல்லாம் மடக்கின குடை மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. (தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள் பரங்கி என்று படித்துக்கொள்ளுங்கள்.) "தண்ணி பத்தல கண்ணு, ரெண்டு குடம் ஊத்து" என்றார் அத்தை. "தண்டுல புழு இருக்கும், கீறிப் பாருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. உரக்கடைக்காரர் செடியைப் பார்க்காமலே "வாடல் நோய்ங்க" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

மூவருமே தோட்டம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் வைத்தியம் இன்னொருவர் வைத்தியத்துக்குப் பகை. அழுகிய வேருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது சீக்கிரம் போய்ச் சேரும். தாகத்தில் இருக்கும் கொடியின் தண்டைக் கீறினால் வீணாக ஒரு புண். அதனால் மருந்துக்கு முன்னால் இந்த வாட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வெயில் வாட்டமும் நிஜ வாட்டமும்

இதைப் பிரிக்கக் காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். அரசாணி இலை அகலமானது; உச்சி வெயிலில் வேர் இழுக்கிற தண்ணீரைவிட இலை விடுகிற தண்ணீர் அதிகம். ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். மாலை ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கொடிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் விடியலிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் அது நிஜ வாட்டம்: தாகம், அழுகல், நோய் அல்லது பூச்சி.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் உண்டு. முதல் வாரம் மாலையில் முழுதாக நிமிரும், அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் நிமிரவே நிமிராது. எங்கள் கொடி இந்த ரகம். நான் முதல் வாரத்தைப் பார்த்துவிட்டு "வெயில்தான்" என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

தாகமும் அழுகலும்

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். பொடியாக உதிர்ந்தால் தாகம். சேறாக ஒட்டிக்கொண்டு, செடியும் வாடியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. தரையோடு ஒட்டிய தண்டை லேசாக அழுத்தினால் கொழகொழவென்று தோல் கழன்று வரும். மாடித்தோட்டப் பைகளில் இது அதிகம். தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், அடியில் தண்ணீர் தேங்கி நாறும். மேல் மண்ணைப் பார்த்து ஊற்றுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். அடித்தண்டு அழுகின செடியைக் காப்பாற்றுவது கடினம். அடுத்த விதைப்புக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) என்ற கணக்கில் விதை நேர்த்தி செய்வதுதான் வழி. வீட்டுக்குப் பத்து விதை என்றால் ஒரு சிட்டிகை போதும்.

நூற்புழுவும் பூஞ்சண வாடலும்

குழப்பம் அதிகம் இங்கேதான். நூற்புழு என்பது வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. இரண்டுமே மண்ணுக்குள் நடக்கிற வேலை. இரண்டிலும் செடி மெல்ல மெல்ல மஞ்சளடித்து வாடும். உரக்கடைப் பொட்டலம் பூஞ்சணத்துக்கானது; நூற்புழுவை அது ஒன்றும் செய்யாது.

பூஞ்சண வாடலில் சில நேரம் ஒரு கிளை மட்டும் முதலில் துவளும், மற்றவை பச்சையாக இருக்கும். அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே தண்ணீர் போகும் குழாய்கள் பழுப்புக் கோடுகளாகத் தெரியும். நூற்புழுவில் தண்டு உள்ளே வெள்ளையாகவே இருக்கும். செடி குட்டையாக நிற்கும், உரம் போட்டும் தேறாது. விடை வேரில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நிலக்கடலை வேரில் இருக்கிற முடிச்சு மாதிரி நல்லதோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். இல்லை. கடலை வேரின் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சில் வேரேதான் வீங்கியிருக்கும், உரித்தாலும் பிரியாது. மேலும் அரசாணி பயறு வகையும் இல்லை. அதன் வேரில் நல்ல முடிச்சு வர வழியே கிடையாது.

அந்தக் குழியில் முந்தின வருடம் தக்காளி, அதற்கு முன் வெண்டை. இரண்டும் நூற்புழுவுக்கு விருந்து. இனி அங்கே ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லிதான். கொடிக்குப் பக்கத்தில் அழகுக்கு இரண்டு செண்டுமல்லி நட்டு நூற்புழு போய்விடும் என்று நம்புவது வேலைக்காகாது. அந்த இடத்தில் நெருக்கமாக அதை மட்டும் வளர்த்த பிறகு காய்ச்செடி நட்டால்தான் பலன். குழிக்கு இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது கூடுதல் பாதுகாப்பு.

துளையும் பிசினும்

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன புழு கற்பனையல்ல. தண்டில் துளை, துளை வாயில் மரத்தூள் மாதிரி கழிவு, அதற்கு மேலே உள்ள கொடி மட்டும் வாட்டம் என்றால் துளைப்பான். துளையே இல்லாமல் தேன் நிறத்தில் பிசின் மட்டும் முத்து முத்தாக நின்றால் அது பூஞ்சணம். அதைக் கீறிப் புழு தேடினால் புண்தான் பெரிதாகும்.

இங்கே ஒரு முறையீடு. ஆங்கிலக் காணொளிகளில் காட்டுகிற ஆரஞ்சு வயிற்றுத் துளைப்பான் அந்துப்பூச்சியும், சாம்பல் நிற நாவாய்ப்பூச்சியும் அமெரிக்கக் கண்டத்துப் பூச்சிகள். நம் ஊர்த் துளைப்பான்கள் வேறு. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் முட்டை தேடி நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். வைத்தியத்தில் ஒன்று மட்டும் அங்கும் இங்கும் பொது: கொடியின் கணுக்களை ஆங்காங்கே மண்ணில் புதைத்து வையுங்கள். கணுவில் புது வேர் இறங்கும்; அடித்தண்டு போனாலும் நுனி பிழைக்கும்.

சாம்பலா, வேப்பெண்ணெயா, கையா?

சிவப்புப் பூசணி வண்டை எல்லாருக்கும் தெரியும். விதையிலை வந்த உடனே சல்லடை போட்டுவிடும். தெரியாத பாதி மண்ணுக்குள் இருக்கிறது. வண்டு செடியின் தூரில், ஈர மண்ணில் முட்டையிடும். அதன் புழு வேரைத் தின்னும். இலையில் வட்ட ஓட்டைகளும் இளஞ்செடி வாட்டமும் சேர்ந்து வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்காமல் தூரைக் கிளறிப் பாருங்கள்.

அடுப்புச் சாம்பல் அடுத்த மழைவரைதான் நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதையே கொட்டிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. வேப்பெண்ணெய்க் கரைசல் வண்டின் பசியைக் கெடுக்கும், ஆனால் மாலையில் அடிக்க வேண்டும். மதியம் அடித்தால் இலை கருகும். பத்துச் செடிக்குள் என்றால் என் ஓட்டு கைக்குத்தான். வெயில் ஏறும் முன் வண்டு மந்தமாக இருக்கும், சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிடலாம். பூக்கும்வரை கொசுவலை போட்டு மூடுவது இன்னும் நிம்மதி. பூத்ததும் எடுத்துவிடுங்கள், தேனீ வரவேண்டும்.

பிஞ்சு உதிர்வது

உதிர்ந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே சுத்தமாக, வெறுமனே மஞ்சளடித்துச் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினால் போதும். உள்ளே கூழாகி வெள்ளைப் புழு துள்ளினால் பழ ஈ. மண்ணில் விட்டுவைத்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகும், பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

பொறி வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் என்ற கவர்ச்சி மருந்து பூசணி ஈயை இழுக்காது. இதற்கு க்யூ லூர் என்ற வேறு கவர்ச்சி மருந்து. அதுவும் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். பழைய குறிப்புகளில் கருவாட்டுப் பொறியோடு வருகிற டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லி 2020 இறுதியோடு இந்தியாவில் தடை. வீட்டில் நாலு காய்க்கு, பிஞ்சு பிடித்த இரண்டாம் நாளே துணிப்பை கட்டுவது எல்லாப் பொறியையும் விட மேல். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி ரகம் பழ ஈயை ஓரளவு தாங்கும். விதை கிடைத்தால் விடாதீர்கள்.

வெள்ளை இலை, மஞ்சள் இலை

நரம்புக் கவட்டில் வெள்ளிப் பூச்சு இருந்தால் விரலால் தேயுங்கள். ஒட்டவில்லை என்றால் அது பரங்கியின் பிறவிக்குணம். மாவாக ஒட்டினால் சாம்பல் நோய். அதற்குக் கந்தகத் தூளைத் தூவாதீர்கள், இந்தக் குடும்பச் செடிகளின் இலையைச் சுட்டுவிடும். மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்து குருத்து சுருண்டால் மட்டும் ஒப்பிட எதுவுமில்லை. அது வைரஸ். வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோவதற்குள் பிடுங்கிவிடுங்கள்.