மூணு வருஷம் நடந்து பாத்துட்டு எழுதுற டைல்ஸ் ரிவ்யூ

வீட்டுக்கு டைல்ஸ் போட்டு மூணு வருஷம் ஆச்சு. போட்ட மறுநாளே எழுதியிருந்தா எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பேன், அவ்ளோ பளபளப்பு. இப்ப ஹாலுக்கு மூணு, கிச்சன் சுவருக்கு அஞ்சு, பாத்ரூம் தரைக்கு ஒண்ணு, அதுவும் பாவம் பாத்துதான்.

மொதல்ல ஹால். ரெண்டு அடிக்கு ரெண்டு அடி சைஸ்ல பளபள பாலிஷ் போட்ட க்ளேஸ்டு விட்ரிஃபைடு, அதாவது தண்ணி குடிக்காத அளவுக்கு இறுக சுட்ட டைல்ஸ் மேல கண்ணாடி மாதிரி பூச்சு குடுத்தது, வெள்ளைல லேசா சாம்பல் கோடு ஓடுற மார்பிள் டிசைன். கடைல இத ஸ்டாண்டுல நிக்க வெச்சு மேல ஃபோகஸ் லைட் அடிச்சு வெச்சிருந்தாங்க, பாத்ததும் விழுந்துட்டோம். ஆனா வீட்டுல டைல்ஸ் நிக்காது, படுத்துக்கிட்டுல்ல இருக்கும்! எங்க ஹால்ல ஜன்னல் வெளிச்சம் தரையோட தரையா சாஞ்சு வருது, அதுல ஒவ்வொரு கால் தடமும் உதிர்ந்த முடியும் துடைச்ச துணியோட கோடும் பளிச்சுனு தெரியும், காலைல துடைச்சா மத்தியானத்துக்குள்ள பழைய கதை. அதனால கடைல பிடிச்ச டைல்ஸை கீழ இறக்கி தரைல போட்டு, வாசல் வெளிச்சத்துல நாலடி தள்ளி நின்னு பாருங்க. சேல்ஸ்மேன் மூஞ்சி சுளிப்பாரு, சுளிக்கட்டும்.

கீறல் இன்னொரு தலைவலி. டிசைனும் பளபளப்பும் மேல இருக்குற மெல்லிசான க்ளேஸ்லதான் இருக்கு, சோபா காலுக்கு அடியில ஒரே ஒரு மணல் துகள் மாட்டி இழுபட்டதுல கை நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருச்சு. ஆள் நடமாட்டம் ஜாஸ்தி இருக்குற இடத்துக்கு டபுள் சார்ஜ்னு சொல்ற விட்ரிஃபைடு வகையை வாங்கியிருக்கணும்னு இப்ப தோணுது. அதுல கலர் லேயரே மூணு நாலு மில்லிமீட்டர் கனம் இருக்கும், தேஞ்சாலும் அடியில அதே கலர்தான் வரும். டிசைன் அவ்ளோ விதவிதமா கிடைக்காது, அதுதான் குறை. க்ளேஸ் டைல்ஸே வேணும்னா பிஇஐனு ஒரு தேய்மான நம்பர் உண்டு, 1ல இருந்து 5 வரைக்கும், வீட்டுத் தரைக்கு 3க்கு கீழ போகாதீங்க, ஹாலுக்கு 4 நல்லது.

இப்ப பாத்ரூம். இங்கதான் நான் நல்லா ஏமாந்தேன். பளபளப்பு வழுக்கும்னு தெரியும், அதனால "மேட் குடுங்க"னு கேட்டு வாங்கினேன். மேட்னா வழுக்காதுனு நானா நெனச்சுக்கிட்டேன். மேட்ங்கறது பளபளப்பு இல்லைங்கறதுக்கு மட்டும்தான் பேரு, தடவிப் பாத்தா வழவழனு இருக்குற மேட்டும் இருக்கு. சோப்பு தண்ணி பட்ட அன்னைக்கே அம்மா சறுக்கி குழாயைப் பிடிச்சுதான் நின்னாங்க. அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன், ஆர்9ல இருந்து ஆர்13 வரைக்கும் வழுக்கல் நம்பர் இருக்கு, சாய்வான மேடைல டைல்ஸ் போட்டு எண்ணெய் ஊத்தி, ஷூ போட்ட ஆளை நடக்க விட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, எத்தனை டிகிரில சறுக்குறாருனு பாப்பாங்க. ஆர்10னா 10ல இருந்து 19 டிகிரி, ஆர்11னா 27 வரைக்கும். ஆனா பாத்ரூம்ல யாரு ஷூ போட்டு நடக்குறா? வெறுங்காலுக்கு ஏ, பி, சினு தனி ரேட்டிங்கே இருக்கு, அங்க சோப்புத் தண்ணிதான் ஊத்தி பாப்பாங்க, குளிக்குற இடத்துக்கு பி கேளுங்க. கேட்டா பாதி கடைல முழிப்பாங்க, அப்ப ஒரே வழி, கைல தண்ணி பாட்டில் கொண்டு போயி டைல்ஸ் மேல ஊத்தி செருப்பைக் கழட்டிட்டு காலை வெச்சு தேச்சு பாருங்க. ரொம்ப சுரசுரப்பும் வேண்டாம், சோப்பு அழுக்கு குழிக்குள்ள போய் உக்காந்துக்கும், பிரஷ் போட்டு தேச்சே கை போயிடும்.

பாத்ரூம்ல பெரிய டைல்ஸும் வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடிதான் சரி. தண்ணி போற ஓட்டையை நோக்கி நாலு பக்கமும் சரிவு குடுக்கணும்ல, பெரிய டைல்ஸ் வளையாது, குறுக்க அறுத்தாதான் ஆகும், அறுக்காம போட்டா எங்க வீட்டு மாதிரி மூலைல தண்ணி தேங்கும். சின்ன டைல்ஸ்ல இடுக்கு நிறைய வரும், அந்த இடுக்கே காலுக்கு கொஞ்சம் பிடிமானம்.

கிச்சன் சுவர்ல போட்டது சாதா செராமிக், பளபளப்பு, ஒண்ணுக்கு ஒன்றரை. குறையே சொல்ல மாட்டேன், எண்ணெய் தெறிச்சா ஈரத்துணியால ஒரு தொடப்பு, முடிஞ்சது. ஆனா ஒயிட் சிமெண்ட் அடிச்ச இடுக்கு மட்டும் ஆறே மாசத்துல பழுப்பாயிடுச்சு. அடுப்புக்குப் பின்னாடி மட்டுமாவது எபாக்ஸி க்ரவுட் (இடுக்கை அடைக்குற பிசின் கலவை) போடச் சொல்லுங்க, கறை ஏறாது, ஆனா காயுறதுக்குள்ள துடைக்கலேன்னா டைல்ஸ் மேலயே படலமா ஒட்டிக்கும், கூடவே நின்னு வேலை வாங்குங்க.

சுவர் டைல்ஸ் வேற தரை டைல்ஸ் வேற, இதை யாரும் விளக்கி சொல்றதில்ல. வித்தியாசம் தெரியணும்னா திருப்பிப் போட்டு முதுகுல ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, செராமிக் சுவர் டைல்ஸ் சட்டுனு குடிச்சிடும், விட்ரிஃபைடுல தண்ணி அப்படியே முத்து மாதிரி நிக்கும். சுவர் டைல்ஸ் அதோட எடைல பத்து சதவீதத்துக்கு மேலயே தண்ணி குடிக்கும், விட்ரிஃபைடு அரை சதவீதம் கூட தாண்டாது. மிச்சமாச்சேனு சுவர் டைல்ஸை பால்கனி தரைல போட்டுடாதீங்க, கனமா எதாவது விழுந்தா உடைஞ்சிடும். தரை டைல்ஸை சுவர்ல ஏத்துறதுல தப்பில்ல, ஆனா வெறும் சிமெண்ட் பால் வெச்சு ஒட்டினா பிடிக்காது, டைல்ஸ் ஒட்டவே விக்குற பசை, அட்ஹெசிவ்தான் வேணும்.

எங்க வாஷ்பேசினுக்கு மேல பெரிய விட்ரிஃபைடை மேஸ்திரி வெறும் சிமெண்ட்லயே ஒட்டிட்டாரு, நானும் கேக்கல. எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி டமார்னு சத்தம், போய் பாத்தா ஒரு டைல்ஸ் மொத்தமா கீழ. அதோட முதுகு துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு, சுவர்ல இருந்த சிமெண்ட்ல டைல்ஸோட கட்டம் கட்டமான அச்சு மட்டும் அழகா பதிஞ்சிருந்துச்சு. மத்ததை எல்லாம் விரல் மடக்கி தட்டிப் பாத்தேன், நாலுல டொப் டொப்புனு பொள்ளல் சத்தம். நாலையும் கழட்டி மறுபடி ஒட்ட வேண்டியதாச்சு.

வாங்கும்போது பாக்ஸ் மேல இருக்குற ஷேட் நம்பரையும் பேட்ச் நம்பரையும் ஒவ்வொரு பாக்ஸா பாருங்க, எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். எங்களுக்கு பெட்ரூமுக்கு ரெண்டு பாக்ஸ் குறைஞ்சுது, போய் அதே பேரு அதே டிசைன் நம்பர் சொல்லி வாங்கினோம், விரிச்சா ஒரு பொட்டு மஞ்சள் ஏறி நிக்குது. கடைக்காரர் "லைட் போட்டா தெரியாது சார்"னாரு. தெரியுது. அந்த எட்டு டைல்ஸும் இப்ப கட்டிலுக்கு அடியில இருக்கு, கட்டிலை நகர்த்தணும்ங்கற பேச்சையே வீட்டுல எடுக்குறதில்ல. ரெண்டுக்கு ரெண்டு ஒரு பாக்ஸுக்கு நாலு வரும், பதினஞ்சரை சதுர அடி, அளவு போட்டு பத்து சதவீதம் கூட வாங்குங்க, கோணலா போடுறதா இருந்தா பதினஞ்சு, அதுல ஒரு பாக்ஸை பரண்ல போட்டு வெச்சிடுங்க.

ஒட்டுறவர் "கேப் இல்லாம போட்டாதான் சார் அழகு"ம்பாரு. ஒத்துக்காதீங்க, இடைவெளிக்கு நடுவுல சொருகுற ஸ்பேசர் ரெண்டு மில்லிமீட்டராவது வைக்கணும், வெயில்ல விரியுறப்ப இடம் இல்லேன்னா நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிக்கும்.

இப்ப பாத்ரூம் தரையை மாத்தப் போறோம். பழசு மேலயே ஒட்டிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, ஒட்டலாம்தான், ஆனா அட்ஹெசிவோட சேத்து தரை ஒரு ஒன்றரை சென்டிமீட்டர் ஏறிடும், கதவு அடியை அறுக்கணும், சரிவும் பழையபடி தப்பாவேதான் இருக்கும். அதனால பேத்துட்டுதான். அம்மாவும் கடைக்கு வர்றேன்னுட்டாங்க, தண்ணி பாட்டில் அவங்க பைலதான் இருக்கு.